ஒரே மரபணு, பல புரதங்கள்: டிஸ்ட்ரோபினை முன்வைத்துக் கேள்வி பதில்

தசைச்சிதைவு நோய் என்று சந்தேகிக்கப்படும் சிறுவனின் மரபணு அறிக்கையில் பெரும்பாலும் ஒரு வரிதான் முக்கியமானது. 'டிஸ்ட்ரோபின் மரபணுவில் 45 முதல் 50 வரையிலான எக்ஸான்கள் இல்லை' என்பதுபோல் அது இருக்கும். டிஸ்ட்ரோபின் என்பது தசைச் செல்லின் சவ்வு கிழியாமல் காக்கும் புரதம். வீட்டில் எல்லோரும் அதைத் திரும்பத் திரும்பப் படிப்பார்கள். அந்த எண்கள் எதைச் சொல்கின்றன என்பது யாருக்கும் விளங்காது. அவற்றைப் புரிந்துகொள்ள மரபணு எப்படி அமைந்திருக்கிறது, அதிலிருந்து எத்தனை விதப் புரதங்கள் வருகின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். பெற்றோருக்கும், உயிரியல் படிக்கும் மாணவர்களுக்கும் பயன்படட்டும் என்று இந்தக் கேள்வி பதில்களை எழுதியிருக்கிறேன்.

ஒரு மரபணு ஒரு புரதத்தைத்தான் உருவாக்கும் என்று பள்ளியில் படித்தோமே?

அந்தப் பாடத்தின் வேர் 1941-இல் இருக்கிறது. ஜார்ஜ் பீடிலும் எட்வர்ட் டேட்டமும் ரொட்டியில் வளரும் நியூரோஸ்போரா என்ற பூஞ்சையை ஆராய்ந்து, ஒரு மரபணு கெட்டால் ஒரு நொதி இல்லாமல் போகிறது என்று காட்டினார்கள். மரபணு எதற்காக இருக்கிறது என்பதை முதன்முதலில் தெளிவாக்கிய பெரிய கண்டுபிடிப்பு அது.

1977-இல் படம் மாறியது. ஃபிலிப் ஷார்ப், ரிச்சர்டு ராபர்ட்ஸ் ஆகியோரின் குழுக்கள், அடினோவைரஸின் மரபணுக்கள் தொடர்ச்சியாக இல்லாமல் துண்டு துண்டாகக் கிடப்பதைத் தனித்தனியே கண்டறிந்தன. இதற்காக இருவருக்கும் 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் மரபணுக்களும் பெரும்பாலும் இப்படித்தான் துண்டுகளாக இருக்கின்றன. துண்டுகளாக இருப்பதால்தான் அவற்றை வேறு வேறு விதமாகச் சேர்க்க முடிகிறது.

மனிதனுக்குப் புரதம் தரும் மரபணுக்கள் சுமார் 20,000. ஒரு காலத்தில் ஒரு லட்சம் இருக்கும் என்று பேசப்பட்டது. எண்ணிக்கை இவ்வளவு குறைவாக இருந்தும் உடல் இவ்வளவு வேலைகளைச் செய்ய முடிவதற்கு, ஒரு மரபணுவைப் பல விதமாகப் படிக்கும் இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

எக்ஸான், இன்ட்ரான் என்பவை என்ன?

மரபணு முழுவதும் முதலில் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. பிறகு அந்தப் படியிலிருந்து சில பகுதிகள் வெட்டி நீக்கப்பட்டு, மீதமுள்ளவை வரிசையாக ஒட்டப்படுகின்றன. ஒட்டப்பட்டு நிலைத்திருப்பவை எக்ஸான்கள். வெட்டி எறியப்படுபவை இன்ட்ரான்கள். இந்த வெட்டி ஒட்டும் வேலைக்கு ஸ்ப்ளைசிங் என்று பெயர். இது முடிந்த பிறகுதான் தூது ஆர்.என்.ஏ. செல்லின் உட்கருவை விட்டு வெளியேறி, ரைபோசோமில் புரதமாகப் படிக்கப்படுகிறது.

அளவுகளைப் பார்த்தால்தான் இதன் வியப்பு தெரியும். எக்ஸ் குரோமோசோமில் உள்ள டிஸ்ட்ரோபின் மரபணு சுமார் 22 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் நீளம் கொண்டது. மனித மரபணுக்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அதில் எக்ஸான்கள் 79. ஆனால் அவை எல்லாவற்றையும் ஒட்டினால் வரும் தூது ஆர்.என்.ஏ. சுமார் 14,000 எழுத்துகள்தான். நூற்றுக்கு 99 பங்குக்கும் மேல் வெட்டி நீக்கப்படுகிறது! 44-ஆம் எக்ஸானுக்கும் 45-ஆம் எக்ஸானுக்கும் இடையிலுள்ள இன்ட்ரான் மட்டுமே ஏறத்தாழ இரண்டரை லட்சம் எழுத்துகள். மரபணுவை ஒரு முறை முழுவதும் படியெடுக்கச் செல்லுக்குச் சுமார் 16 மணி நேரம் ஆகிறது என்று 1995-இல் கணக்கிட்டார்கள்.

இன்ட்ரான்களைக் குப்பை என்று தள்ளிவிடாதீர்கள். டிஸ்ட்ரோபினின் பாதிக் கதை அவற்றுக்குள்தான் இருக்கிறது.

ஒரே மரபணுவிலிருந்து வேறு வேறு புரதங்கள் எப்படி வருகின்றன?

படிப்பதை எங்கே தொடங்குவது, நடுவில் எந்த எக்ஸானைச் சேர்ப்பது அல்லது விடுவது, எங்கே முடிப்பது என்ற மூன்று இடங்களிலும் செல்லுக்கு வாய்ப்புகள் இருக்கின்றன. டிஸ்ட்ரோபின் மரபணு இந்த மூன்றையும் பயன்படுத்துகிறது. அதனால்தான் இந்த ஒரு மரபணுவைத் தேர்ந்துகொண்டேன்.

டிஸ்ட்ரோபினுக்கு எத்தனை தொடக்கங்கள்?

ஏழு. படியெடுப்பு தொடங்கும் இடத்தைப் புரோமோட்டர் என்கிறார்கள். ஒவ்வொரு புரோமோட்டருக்கும் அதற்கே உரிய முதல் எக்ஸான் உண்டு. எந்தத் திசுவில் எது வேலை செய்யும் என்பது அந்தத் திசுவின் செல்களில் உள்ள கட்டுப்பாட்டுப் புரதங்களைப் பொறுத்தது.

மரபணுவின் முன்பக்கத்தில் மூன்று புரோமோட்டர்கள் உள்ளன. மூன்றும் முழு நீளப் புரதத்தையே தருகின்றன. 427 கிலோடால்டன் எடை என்பதால் அதை டிபி427 என்று அழைக்கிறார்கள். ஒன்று தசையில் வேலை செய்கிறது, ஒன்று பெருமூளைப் புறணியில், மற்றொன்று சிறுமூளையின் பர்கின்ஜி செல்களில். தசைக்குரிய வடிவத்தில் 3,685 அமினோ அமிலங்கள் இருக்கின்றன.

மற்ற நான்கும் மரபணுவின் உள்ளே, இன்ட்ரான்களில் அமர்ந்திருக்கின்றன. 29-ஆம் இன்ட்ரானிலிருந்து தொடங்கினால் விழித்திரைக்குரிய டிபி260 கிடைக்கிறது. 44-ஆம் இன்ட்ரானிலிருந்து மூளையிலும் சிறுநீரகத்திலும் காணப்படும் டிபி140. 55-ஆம் இன்ட்ரானிலிருந்து, நரம்பிழைகளைப் போர்த்தும் ஷ்வான் செல்களுக்குரிய டிபி116. 62-ஆம் இன்ட்ரானிலிருந்து டிபி71. இந்தக் கடைசி வகை மூளை உள்படப் பல திசுக்களில் இருக்கிறது. முதிர்ந்த எலும்புத் தசையில்தான் அது குறிப்பிடும்படியாக இல்லை.

இந்தக் குட்டைப் புரதங்களுக்கு முன்பகுதி கிடையாது. ஆனால் எல்லாவற்றுக்கும் பின்பகுதி பொதுவானது. அதாவது, மரபணுவின் கடைசிப் பக்கத்தில் ஒரு சேதம் ஏற்பட்டால் அது ஒரு புரதத்தோடு நிற்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நடுவில் எக்ஸானை விடுவதற்கு இந்த மரபணுவிலேயே எடுத்துக்காட்டு உண்டா?

உண்டு. 71 முதல் 74 வரையிலான எக்ஸான்களும் 78-ஆம் எக்ஸானும் சில திசுக்களில் சேர்க்கப்படுகின்றன, சிலவற்றில் விடப்படுகின்றன.

71-ஆம் எக்ஸான் 39 எழுத்துகள் நீளம். புரதத்தில் மூன்று எழுத்துகளுக்கு ஓர் அமினோ அமிலம். 39-ஐ மூன்றால் வகுத்தால் சரியாக 13. எனவே அந்த எக்ஸானை விட்டால் 13 அமினோ அமிலங்கள் குறையும், அவ்வளவுதான். 78-ஆம் எக்ஸான் 32 எழுத்துகள். மூன்றால் வகுபடாது. அதை விட்டால் அதற்குப் பின்னால் வரும் எழுத்துகள் எல்லாம் வேறு விதமாகக் கூட்டுச் சேர்கின்றன. புரதத்தின் வால் பகுதியே மாறிவிடுகிறது. வழக்கமான 13 அமினோ அமிலங்களுக்குப் பதிலாக, நீரோடு ஒட்டாத 31 புதிய அமினோ அமிலங்கள் வருகின்றன. கருவில் வளரும் தசை இந்த மாற்று வாலைத்தான் பயன்படுத்துகிறது. வளர்ந்த தசை 78-ஆம் எக்ஸானைச் சேர்த்துக்கொள்கிறது. மயோடோனிக் டிஸ்ட்ரோபி என்ற வேறொரு தசை நோயில், வளர்ந்தவர்களின் தசையிலும் கருக்கால வால் திரும்ப வந்துவிடுகிறது. டிஸ்ட்ரோபின் மரபணுவில் எந்தக் குறையும் இல்லாமல், வெட்டி ஒட்டும் ஏற்பாடு தடுமாறுவதால் மட்டுமே இது நேர்கிறது.

எங்கே வெட்டுவது என்பதற்கு இன்ட்ரானின் இரு முனைகளிலும் குறிகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஜி, யு என்ற எழுத்துகளில் தொடங்கி ஏ, ஜி என்ற எழுத்துகளில் அது முடியும். குறி வலுவாக இருந்தால் அந்த எக்ஸான் தவறாமல் சேரும். வலுக்குறைந்த இடங்களில், அந்தச் செல்லில் உள்ள துணைப் புரதங்கள் எக்ஸானைச் சேர்க்கவோ மறைக்கவோ செய்கின்றன.

முடிவிடம் மாறினால்?

டிபி71-க்கான அதே புரோமோட்டரில் தொடங்கி, 70-ஆம் இன்ட்ரானுக்குள்ளேயே படியெடுப்பு முடிந்துவிட்டால் டிபி40 என்ற சிறிய புரதம் கிடைக்கிறது. ஒரே தொடக்கம், வேறு முடிவு.

மற்ற மரபணுக்களும் இப்படித்தானா?

ஒன்றுக்கு மேற்பட்ட எக்ஸான்கள் கொண்ட மனித மரபணுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை ஏதோ ஒரு விதத்தில் மாற்றி ஒட்டப்படுகின்றன. மிக அழகான எடுத்துக்காட்டு கால்சிடோனின் மரபணு. தைராய்டின் சி செல்களில் அதன் நான்காம் எக்ஸான் சேர்க்கப்பட்டு, கால்சியம் அளவோடு தொடர்புடைய கால்சிடோனின் ஹார்மோன் வருகிறது. நரம்பு செல்களில் நான்காம் எக்ஸான் விடப்பட்டு ஐந்தாவதும் ஆறாவதும் சேர்க்கப்படுகின்றன. அப்போது வருவது சி.ஜி.ஆர்.பி. என்ற, இரத்தக் குழாய்களை விரிக்கும் வேறொரு பொருள். 2018 முதல் ஒற்றைத் தலைவலியைத் தடுக்க வந்த புதிய ஊசி மருந்துகள் குறிவைப்பது இந்த சி.ஜி.ஆர்.பி.யையும் அதன் ஏற்பியையும்தான்.

அபோலிப்போபுரதம் பி வேறு விதம். கல்லீரலில் அது 4,536 அமினோ அமிலங்கள் கொண்ட முழுப் புரதம். குடலில் ஆர்.என்.ஏ.வின் ஒரே ஓர் எழுத்து மாற்றப்படுகிறது. அந்த மாற்றம் 'இங்கே நிறுத்து' என்ற குறியை உண்டாக்குகிறது. புரதம் 2,152 அமினோ அமிலங்களோடு நின்றுவிடுகிறது. கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல். துகளில் இருப்பது கல்லீரலின் நீள வடிவம். உணவுக் கொழுப்பைச் சுமந்து வருவது குடலின் குட்டை வடிவம்.

ஒரு எக்ஸான் இல்லாத சிறுவனுக்கு நோய் கடுமையாகவும், மூன்று எக்ஸான்கள் இல்லாதவருக்கு லேசாகவும் இருப்பது எப்படி?

பெற்றோர்களை மிகவும் குழப்பும் கேள்வி இதுதான். குழப்பம் நியாயமானது.

இந்த வரியைப் பாருங்கள்: நமது ஊரின் பெரிய மரம் இதுவே. ஒவ்வொரு சொல்லிலும் மூன்று எழுத்துகள். 'பெரிய' என்ற சொல் முழுவதையும் நீக்கினால் 'நமது ஊரின் மரம் இதுவே' என்று வருகிறது. தகவல் குறைந்தது, பொருள் இருக்கிறது. இப்போது 'ஊரின்' என்பதில் 'ரி' என்ற ஒரே எழுத்தை நீக்கிவிட்டு, மீண்டும் மூன்று மூன்றாகப் படியுங்கள்: நமது ஊன்பெ ரியம ரம்இ துவே. அந்த இடத்திலிருந்து எதுவும் புரியாது. ரைபோசோம் சொல்லுக்குச் சொல் இடைவெளி பார்ப்பதில்லை. மூன்று மூன்றாக எண்ணிக்கொண்டே போகும்.

டிஸ்ட்ரோபினில் 45-ஆம் எக்ஸான் 176 எழுத்துகள். மூன்றால் வகுத்தால் மீதி 2. அது மட்டும் இல்லாமல் போனால் அதற்குப் பின் எல்லாம் குலைந்து, விரைவிலேயே நிறுத்தக் குறி ஒன்று வந்துவிடும். வேலை செய்யும் டிஸ்ட்ரோபின் கிடைக்காது. விளைவு பெரும்பாலும் டூஷேன் என்ற கடுமையான வகைத் தசைச்சிதைவு. சிகிச்சை இல்லையென்றால் ஏறத்தாழ 12 வயதுக்குள் நடக்கும் திறன் போய்விடும். 45, 46, 47 மூன்றும் இல்லாமல் போனால் 176, 148, 150 சேர்ந்து 474 எழுத்துகள். மூன்றால் சரியாக வகுபடும். 158 அமினோ அமிலங்கள் குறைந்த, ஆனால் இரு முனைகளும் சரியாக உள்ள புரதம் உருவாகிறது. விளைவு பெரும்பாலும் லேசான பெக்கர் வகை.

முனைகள் ஏன் முக்கியம்? டிஸ்ட்ரோபினின் ஒரு முனை தசைச் செல்லுக்குள் இருக்கும் ஆக்டின் இழைகளைப் பிடித்துக்கொள்கிறது. மறுமுனை செல் சவ்வில் உள்ள புரதக் கூட்டத்தைப் பிடித்துக்கொள்கிறது. நடுவில் ஒன்றுபோல் அமைந்த 24 கண்ணிகள். தசை சுருங்கும்போது சவ்வு கிழியாமல் காப்பது இந்தப் பிணைப்பு. கண்ணிகளில் சில குறைந்தாலும் பிணைப்பு நிற்கும். 1990-இல் வெளியான ஒரு ஆய்வில், நடுப்பகுதியில் புரதத்தின் 46 சதவீதம் இல்லாமலே 61 வயதில் நடந்துகொண்டிருந்த ஒருவர் விவரிக்கப்பட்டார். இன்றைய மரபணுச் சிகிச்சையின் கருத்து அவருடைய மரபணுவிலிருந்து பிறந்தது என்றே சொல்லலாம்.

அப்படியானால் மூன்றால் வகுத்துப் பார்த்தாலே நோயின் கடுமை தெரிந்துவிடுமா?

பெரும்பாலும் தெரியும். 1988-இல் முன்வைக்கப்பட்ட இந்த விதி ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்குப் பொருந்துகிறது. மீதிப் பேருக்குப் பொருந்தாது. சவ்வைப் பிடிக்கும் பகுதிக்குரிய எக்ஸான்கள், அதாவது ஏறத்தாழ 64 முதல் 70 வரை உள்ளவை போய்விட்டால், கணக்கு வகுபட்டாலும் நோய் கடுமையாகவே இருக்கும். மறுபக்கம், 3 முதல் 7 வரையிலான எக்ஸான்கள் போனால் கணக்கு வகுபடாது. ஆனாலும் சிலருக்கு லேசான நோயே வருகிறது. தசை வேறு ஏதோ ஒரு தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டு புரதத்தைத் தயாரித்துவிடுகிறது. எனவே காகிதத்தில் நீங்களே வகுத்துப் பார்த்து முடிவுக்கு வந்துவிட வேண்டாம். மரபியல் மருத்துவரிடம் அந்தக் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தசை நோய்தானே? சில சிறுவர்களுக்குப் படிப்பும் பேச்சும் ஏன் தாமதமாகின்றன?

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்தக் கேள்வி. குழந்தை சோம்பேறி, கவனமில்லாதவன் என்று வீட்டிலும் பள்ளியிலும் திட்டு வாங்குவதை நிறுத்த இந்தப் பதில் உதவக்கூடும்.

டூஷேன் நோயுள்ள எல்லாச் சிறுவர்களிலும் முழு நீள டிஸ்ட்ரோபின் பாதிக்கப்படுகிறது. மூளைக்குரிய முழு நீள வடிவமும் அதில் அடக்கம். குட்டை வடிவங்கள் பாதிக்கப்படுமா என்பது சேதம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சேதம் 20-ஆம் எக்ஸானுக்கு அருகில் என்றால், உள்ளே இருக்கும் நான்கு புரோமோட்டர்களும் தப்பிவிடுகின்றன. 51-ஆம் எக்ஸானிலோ அதற்குப் பின்னாலோ சேதம் இருந்தால் டிபி140 பாதிக்கப்படுகிறது. 45 முதல் 50 வரை இல்லை என்றால், முறிவு 44-ஆம் இன்ட்ரானுக்குள் எந்த இடத்தில் விழுந்தது என்பதைப் பொறுத்து டிபி140-இன் தொடக்கம் போயிருக்கலாம், தப்பியும் இருக்கலாம். 63-ஆம் எக்ஸானுக்குப் பின்னால் சேதம் இருந்தால் டிபி71 உள்பட எல்லா வடிவங்களும் போகின்றன. அறிவு வளர்ச்சிக் குறைபாடு அதிகமாகக் காணப்படுவது இந்தக் குழுவில்தான். டிபி140 இல்லாதவர்களிடம் கற்றல் சிரமம் அடிக்கடி காணப்படுகிறது.

இது எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. ஒரே இடத்தில் சேதம் உள்ள இரு சிறுவர்கள் படிப்பில் வெகுவாக வேறுபடலாம். மூளை சார்ந்த இந்தச் சிரமம் தசையைப் போல் நாளுக்கு நாள் மோசமாவதும் இல்லை. அதனால்தான் சீக்கிரம் தொடங்கும் பேச்சுப் பயிற்சிக்கும் கற்றல் உதவிக்கும் பலன் உண்டு.

எக்ஸானைத் தாண்டவைக்கும் மருந்து என்கிறார்களே, அது என்ன?

செல் இயல்பாகவே செய்யும் வேலையை மருந்தால் செய்ய வைக்கும் முயற்சி. 45 முதல் 50 வரை இல்லாத சிறுவனிடம் 871 எழுத்துகள் குறைகின்றன. மூன்றால் வகுத்தால் மீதி 1. அடுத்துள்ள 51-ஆம் எக்ஸான் 233 எழுத்துகள். அதையும் விட்டுவிட்டால் குறைவது மொத்தம் 1,104. மூன்றால் சரியாக வகுபடும். எனவே 51-ஆம் எக்ஸானின் வெட்டுக் குறிகளை மறைக்கும் சிறு மூலக்கூறு ஒன்றைச் செலுத்தினால், டூஷேன் வகை பெக்கர் வகையை நோக்கி நகரும் என்பது எதிர்பார்ப்பு. ஏறத்தாழ 13 சதவீத நோயாளிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தும்.

எடெப்லிர்சென் என்ற இந்த மருந்துக்கு அமெரிக்கா 2016-இல் விரைவு அனுமதி தந்தது. ஐரோப்பிய மருந்து முகமை 2018-இல் மறுத்தது. சிகிச்சைக்குப் பின் தசையில் காணப்பட்ட டிஸ்ட்ரோபின் இயல்பான அளவில் 1 சதவீதத்துக்கும் குறைவு என்பதே விவாதத்தின் மையம். 53-ஆம் எக்ஸானுக்கும் 45-ஆம் எக்ஸானுக்கும் இதே போன்ற மருந்துகள் பின்னர் வந்தன. கருத்து மிகச் சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. இன்றைய மருந்து அந்தக் கருத்தின் உயரத்தை இன்னும் எட்டவில்லை. வீட்டை விற்றாவது வாங்கிவிடலாம் என்று நினைக்கும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுக்க வேண்டும்.

அறிக்கையில் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

முதலில் எடுக்கப்படும் எம்.எல்.பி.ஏ. சோதனை 79 எக்ஸான்களிலும் எது இல்லை, எது இரட்டிப்பாக உள்ளது என்று எண்ணிச் சொல்லும். நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு எக்ஸான் இழப்பே காரணம். இச்சோதனையில் எல்லாம் சரி என்று வந்தால் நோய் இல்லை என்று பொருளல்ல. ஓர் எழுத்துப் பிழையை அது காட்டாது. அதற்கு மரபணுவை எழுத்து எழுத்தாகப் படிக்கும் சோதனை வேண்டும். எந்த எக்ஸான்கள், படிக்கும் வரிசை குலைந்ததா, உட்புரோமோட்டர்கள் எவை பாதிக்கப்பட்டன என்ற மூன்றையும் கேளுங்கள். தாய்க்கும் சோதனை தேவை. சுமார் மூன்றில் இரண்டு குடும்பங்களில் தாயிடமும் அந்த மாற்றம் இருக்கும். மீதியில் அது குழந்தையில் புதிதாகத் தோன்றியது. இதில் தாயின் குற்றம் என்று எதுவும் இல்லை. அதைச் சொல்லிக் காட்டும் உறவினர்களிடம் உரக்கவே சொல்லுங்கள்.

ஆர்.என்.ஏ. வகை ஒவ்வொன்றும் ஒரு புரதமாகிவிடுமா?

இல்லை. தரவுத்தளங்களில் ஒரு மரபணுவுக்குப் பத்து, இருபது ஆர்.என்.ஏ. வடிவங்கள் பட்டியலிடப்பட்டிருக்கும். அவற்றில் சில வெட்டும்போது நேர்ந்த பிழைகள். முன்கூட்டியே நிறுத்தக் குறி வரும் வடிவங்களைச் செல்லே கண்டுபிடித்து அழித்துவிடுகிறது. ஒரு வடிவம் புரதமாக இருக்கிறது, அதற்கு வேலை உண்டு என்று காட்டுவது தனி உழைப்பு.

மரபணுவையே புதிதாகக் கொடுத்துவிட்டால் எல்லா வடிவங்களும் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. மரபணுவைச் சுமந்து செல்லும் ஏ.ஏ.வி. வைரஸ் உறைக்குள் சுமார் 4,700 எழுத்துகள்தான் அடங்கும். டிஸ்ட்ரோபின் புரதத்துக்கான எழுத்துகளே 11,000-க்கு மேல். அதனால் நடுக்கண்ணிகளில் பெரும்பாலானவற்றை நீக்கி, முக்கியப் பிடிப்புகளை மட்டும் வைத்து மைக்ரோடிஸ்ட்ரோபின் என்ற சுருக்க வடிவத்தை உருவாக்கினார்கள். அமெரிக்காவில் 2023-இல் இதற்கு அனுமதி கிடைத்தது. 2025-இல், நடக்கும் திறன் இழந்திருந்த இரண்டு நோயாளிகள் இச்சிகிச்சைக்குப் பின் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். அதன் பிறகு பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டது.

அந்தச் சுருக்க மரபணுவுக்கு முன்னால் பொருத்தப்பட்டிருப்பது தசையிலும் இதயத்திலும் வேலை செய்யும் புரோமோட்டர். இன்ட்ரான்கள் இல்லை, உட்தொடக்கங்கள் இல்லை, மாற்றி ஒட்ட எக்ஸான்களும் இல்லை. டிபி140-ஐயோ டிபி71-ஐயோ அதனால் தர முடியாது. எனவே ஒரு சிறுவனுக்கு இச்சிகிச்சை கிடைத்தாலும், அவனுடைய பேச்சுப் பயிற்சியையும் பள்ளியில் தரப்படும் கற்றல் உதவியையும் நிறுத்தக் கூடாது.